மூன்றாவது கையெழுத்து

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் மட்டும்தான் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி நானும் உன் அண்ணனும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் என்னைப் பேசவே விடாமல், “விட்டுக்குடுத்துட்டுப் போயேம்மா, ஒரு படம்தானே” என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால் நடந்ததை எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் போர் விமானப் படங்கள் சேர்ப்பது உனக்குத் தெரியும். அச்சிட்ட ஓவியத்தின் வெள்ளை ஓரத்தில் ஓவியரும் விமானியும் பென்சிலால் கையெழுத்துப் போட்ட பிரதிகள், பதினொன்று இருந்தன. போன மாதம் வந்த பன்னிரண்டாவது வேறு மாதிரி. ஒரு மூலையில் விமானம் எரிகிறது, நடுவில் பாராசூட்டில் ஒரு மனிதர் இறங்குகிறார். அந்த விமானி இப்போது தடி ஊன்றி நடக்கிற பெரியவர், படக்கடையில் அவரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். என் முறை வந்ததும், விமானத் தளத்தில் பாராசூட் மடிக்கிற வேலையில் இருந்தவள் நான், அன்றைக்கு உங்களுடையதை மடித்தது நான்தான் என்றேன். எப்படித் தெரியும் என்று கடைக்காரர் குறுக்கே புகுந்தார். மடித்து முடித்ததும் பதிவு அட்டையில் கையெழுத்துப் போடுவோம், இவர் குதித்த மறுநாள் அந்த அட்டையை முன்னால் வைத்துத்தான் அதிகாரிகள் என்னை விசாரித்தார்கள் என்றேன். பெரியவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை நீட்டி, “என் பேருக்குப் பக்கத்துல போடுங்கம்மா, நீங்க இல்லாம நான் ஏது” என்றார். போட்டேன். கோணல்மாணலாகத்தான் வந்தது.

சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “யாரும்மா இந்த மூணாவது ஆளு? படத்தையே கெடுத்துட்டீங்களே. சட்டத்துக்குள்ள படத்தைச் சுத்தி இருக்கிற ஓரத்து அட்டையை நகர்த்தி அந்தக் கையெழுத்தை மட்டும் மறைச்சிடலாம்” என்றார். மறைப்பதென்றால் மூன்றையும் மறையுங்கள் என்றேன். கூட வந்திருந்த உன் அண்ணன் என் முழங்கையைக் கிள்ளினான். நான் படத்தைப் போர்வையில் சுற்றி பஸ் ஏறிவிட்டேன். மூன்று நாள் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

திறப்பு விழாவில் பெரியவர் அந்தப் படத்தைத் தேடியிருக்கிறார். செயலாளர் பதறிப்போய் போன் செய்தார், அப்படியே மாட்டுகிறோம், உடனே கொண்டுவாருங்கள் என்று. பார்க்க வேண்டும் என்கிறவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும் என்று வைத்துவிட்டேன். மாலை நாலு மணிக்கு வாசலில் கார் நின்றது. பெரியவர் படத்துக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தார், செயலாளர் செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலேயே நின்றார். “அன்னிக்கு விரியாமப் போயிருந்தா உங்களை என்னம்மா பண்ணியிருப்பாங்க?” என்று பெரியவர் கேட்டார். என் பேரைத்தான் முதலில் தேடியிருப்பார்கள் என்றேன்.

இப்போது நீ சொல்லு. தப்பு நடந்தால் பிடித்து நிறுத்த என் பேர் வேண்டும், நல்லது நடந்தால் அட்டை வைத்து மூட வேண்டுமா? அடுத்த கண்காட்சியில் என் பேர் வெளியே தெரியும்படி படத்தை மாட்டினால் பன்னிரண்டு படங்களும் வரும், இல்லாவிட்டால் ஒன்றுகூட வராது என்று சங்கத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

பல் டாக்டரிடம் இந்த வாரமே போ, தள்ளிப் போடாதே. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். எனக்குப் பிறகு இந்தப் படங்களை நீங்கள் வைத்துக்கொண்டாலும் சரி, விற்றாலும் சரி, வருத்தமில்லை. ஆனால் அந்த ஒரு படத்தை யார் எவ்வளவு கெஞ்சினாலும் என் பேரை அழித்துக் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா