மாமன் ஏறிய விமானம்

நவம்பர் 3, 2025. திங்கள்

மழை விட்டு வெயில் தலைகாட்டியது. சாமைக் கதிர் சாய்ந்துவிட்டது, புதன்கிழமை அறுத்துவிட வேண்டும். இந்த மலையில் இந்த வருஷம் யாருக்கும் இப்படி விளையவில்லை. (டீக்கடைக் கோவிந்தனுக்கு விளைந்திருக்கிறது. அவன் நிலம் பள்ளத்தில், அது கணக்கில் வராது.)

அக்கா மகள் பூவிழி மஸ்கட் போகிறாள். மாப்பிள்ளை விஜயராஜ் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். விசா வந்துவிட்டது. இருபத்து நாலாம் தேதி விமானம். பிரசவத்தின்போது பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. போன தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்தபோது அவன் அங்கே, இவள் இங்கே. ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்குகிற பஸ்ஸின் குலுக்கலில்தான் கலைந்தது என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். அதற்கும் பஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

"பஸ்ஸுக்கே அப்படின்னா ஏரோப்ளேனுக்கு இன்னா ஆவுமோ, சேட்டு."

"நான் பறக்காததா அக்கா? தொட்டில்ல படுத்த மாதிரி இருக்கும்" என்றேன்.

எட்டு மாதம் துபாயில் இருந்தவன் சொன்னால் மறுபேச்சு ஏது? படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றாலும், வெளிநாட்டு விஷயம் என்றால் டீக்கடையில் வாத்தியார்கூட என் வாயைத்தான் பார்ப்பார்.

நவம்பர் 5. புதன்

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் பிரசவமோ, அந்த வாசல்வரை தாய்மாமன் முன்னால் நடக்க வேண்டும், பெண் பின்னால் வர வேண்டும். அதை நான் மறந்தே போயிருந்தேன். பூவிழி மறக்கவில்லை.

அறுத்துக்கொண்டிருந்தேன். வரப்பில் வந்து நின்றாள்.

"மாமா, நீயும் வர்றியா?"

"எங்கம்மா?"

"மஸ்கட்டுக்குத்தான். உனக்கும் டிக்கெட்டு போடறேன்னு அவரு சொல்லிட்டாரு. உன் பழைய பாஸ்போர்ட்ட தேடி எடு. நீ முன்னால போனா நான் பின்னாலயே வந்துடுவேன். இல்லாட்டி ஏற மாட்டேன் மாமா. சத்தியமா ஏற மாட்டேன்."

கருக்கரிவாள் கையிலேயே நின்றது.

"அதுக்கின்னா, போய்ட்டு வந்துட்டாப் போச்சு!"

என் வாய் இருக்கிறதே.

நவம்பர் 6. வியாழன்

பாஸ்போர்ட்டைக் கரையான் தின்றுவிட்டது என்று சொல்லலாமா? எலி?

நவம்பர் 10. திங்கள்

செங்கத்துக்கு டாக்டரம்மா தேவயானியிடம் போனோம். அக்கா, பூவிழி, நான். விமானத்தில் போகலாம் என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும்.

எத்தனை மாதம் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன். சித்திரையிலிருந்து விரல் விட்டு எண்ணி, "ஏழு மேடம். கார்த்திகை பொறந்தா எட்டு" என்றேன். "இருபத்தேழு வாரம்" என்று அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டார்.

பிரஷர் பார்த்தார். முகம் மாறியது. பத்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார்.

"தூங்கறியாம்மா?"

"இல்ல மேடம். கண்ண மூடினா ஒரு பொம்பள வந்துடறா."

"யாரு?"

"நடுவானத்துல கொழந்த பெத்தவ. காத்து அழுத்தி வயிறு கல்லு மாதிரி ஆய்டுச்சாம். டாக்டர் யாரும் இல்லியாம். எங்க மாமா அதே ப்ளேன்ல இருந்தாரு மேடம், அவருதான் கூட இருந்து பாத்துக்கினாரு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அப்படியா? எந்த வருஷம்?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "ரெண்டாயிரத்து நாலு மேடம். என் வேட்டியதான் கிழிச்சுக் குடுத்தேன். ஆம்பளப் புள்ள. சேட்டுன்னு என் பேரையே வச்சுட்டாங்க."

அவர் பேனாவை மூடினார். "இந்தப் பிரஷர்ல கடிதம் தர முடியாது. மாத்திரை போடட்டும், தூங்கட்டும். அடுத்த திங்கள் வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா பயணமே வேணாம்."

திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவுக்கும் பூவிழி கண்ணை மூடி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். கடைசியில் "நீ வந்து ஓட்டு" என்றான்.

நவம்பர் 11. செவ்வாய்

அறுத்த சாமை அப்படியே கிடக்கிறது.

எழுதித் தொலைக்கிறேன். என் பெண்டாட்டி முனியம்மா இதைப் படிக்கப்போவதில்லை; படிக்காமலே அவளுக்குத் தெரியும். நான் துபாய் போனதில்லை. எந்த நாட்டுக்கும் போனதில்லை. பாஸ்போர்ட் என்று ஒன்று எனக்கு இருந்ததே இல்லை. விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்ததோடு சரி.

துபாய்க்கு அனுப்புகிறேன் என்று சென்னைக்குக் கூட்டிப்போன ஏஜெண்ட் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டுப் போய்விட்டான். வெறுங்கையோடு மலையேற வெட்கமாக இருந்தது. எட்டு மாதம் கோயம்பேட்டில் வெங்காய மூட்டை தூக்கினேன். வலது முழங்கைத் தழும்பு அங்கே மூட்டைக் கொக்கி கிழித்தது. பாரிமுனையில் ஒரு பூப்போட்ட கம்பளியும் ஒரு சென்ட் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் கோவிந்தன், "துபாய்க்காரன் வந்துட்டான்டா!" என்று கத்தினான். இல்லை என்று சொல்லக் கொஞ்சம் நேரம் இருந்தது. சொல்லாமல் விட்டேன்.

அந்த வானத்துக் குழந்தை? ஒரு மழை நாளில் டீக்கடையில் கூட்டம் கலைகிற மாதிரி இருந்தது. அப்போது பிறந்ததுதான் அது. பூவிழிக்கு ஏழு வயதிருக்கும், பன்னைத் தின்றுகொண்டு என் மடியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் கைதட்டியது அவள்தான்.

நவம்பர் 12. புதன்

முனியம்மா களி கிண்டிக்கொண்டே சொன்னாள்: "வெங்காயம் தூக்கினது இன்னா கேவலமா? அந்தப் பொண்ணு தூக்கத்தக் கெடுத்துட்டு இங்க வந்து குந்திக்கினு இருக்கிற."

"எப்படிடி சொல்றது?"

"வாயத் தொறந்துதான். உனக்குத்தான் நல்லாத் தொறக்குமே."

நவம்பர் 13. வியாழன்

சொல்லிவிடத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். பூவிழியின் முகத்தைப் பார்த்ததும் வேறு வந்துவிட்டது: "பாஸ்போர்ட்ட எலி கடிச்சிடுச்சும்மா."

"அப்ப அவ போவ வேணாம்" என்றாள் அக்கா. குரலில் சந்தோஷம்.

பூவிழி கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். மடித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கொடியில் போட ஆரம்பித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் மனுஷன்தானா?

நவம்பர் 14. வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பூவிழி கோழிகளுக்குக் குருணை இறைத்துக்கொண்டிருந்தாள். எலி இல்லை, பாஸ்போர்ட் இல்லை, துபாய் இல்லை, கோயம்பேடு, வெங்காயம் என்று தலைகீழாகச் சொன்னேன். கடைசியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பொம்பள?"

"இல்லம்மா."

"இல்லன்னா? செத்துட்டாளா?"

"அப்படி ஒருத்தியே கெடையாதும்மா. வயிறு கல்லானது, புள்ள, வேட்டி, எல்லாம் நான் கட்டினது."

கையில் இருந்த குருணை அத்தனையும் ஒரே இடத்தில் கொட்டியது. கோழிகள் அவள் காலடியில் முண்டின.

"பதினேழு வருஷமா அவள நெனச்சுக்கினு இருக்கேன் மாமா. போன தடவ ரத்தம் போவும்போது அவ மூஞ்சிதான் தெரிஞ்சுது. அவ பொழச்சாளே, நாமளும் பொழச்சிடுவோம்னு ஒரு நேரம். அவளுக்கு வந்தது நமக்கும் வந்துடுச்சுன்னு ஒரு நேரம்."

என் கதையில் அந்தப் பொம்பளைக்கு நான் முகமே வைக்கவில்லை. முகத்தை வைத்தது இவள்.

"போ மாமா. என்கூட பேசாத."

வந்துவிட்டேன். பிரஷர் இன்னும் ஏறியிருக்குமோ? சொன்னது தப்போ? எது செய்தாலும் தப்பாகவே முடிகிறது எனக்கு.

நவம்பர் 16. ஞாயிறு

அக்கா வீட்டிலிருந்து இரண்டு நாளாக ஆள் அனுப்பவில்லை. கோவிந்தன் கடைப் பக்கம் நான் போகவில்லை. முருகா, அந்தப் பொண்ணு தூங்கினால் போதும்.

நவம்பர் 17. திங்கள்

கார்த்திகை பிறந்தது. கூப்பிடாமலே போய் செங்கம் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் பூவிழி, பின்னால் அக்கா. அக்கா என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூவிழி கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து சீட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"குந்து."

அவ்வளவுதான் பேச்சு. மூன்றாவது வளைவில் பார்த்தேன், வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எச்சில் என் தோளில். நான் அசையவில்லை.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். "ஒரு நூல் கூடதான் இருக்குது. மாத்திரைய விடாத. ஆனா போகலாம்." கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே என்னைக் கேட்டார், "அந்தப் பையன் சேட்டுக்கு இப்ப இருபத்தோரு வயசு இருக்குமில்ல?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அவன் பொறக்கவே இல்ல மேடம்" என்றாள் பூவிழி.

நவம்பர் 24. திங்கள்

சென்னை. விமான நிலையத்து வாசல்வரை நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால். கதவருகே துப்பாக்கிக்காரர் கையை நீட்டி நிறுத்திவிட்டார். டிக்கெட் இருப்பவர்கள் மட்டும். நான் ஒதுங்கினேன்.

"உள்ள இன்னா இருக்கும் மாமா?"

வாய் வரைக்கும் வந்தது. மூன்று மாடி, தங்க முலாம் பூசின படி, எல்லாம் வந்தது. விழுங்கினேன்.

"தெரியாதும்மா."

"எனக்குந்தான் தெரியாது" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை, கண்ணாடியில் வெயில் அடித்தது.

அதற்கப்புறம் வெளியே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு விமானத்தையும் கும்பிட்டாள். போனதா வந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. மாலையில் விஜயராஜ் போன் போட்டான். "வந்துட்டா மாமா. காலு மட்டும் வீங்கியிருக்குது."

நான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து போய் அழுதேன்.

டிசம்பர் 15. திங்கள்

பேறுகாலத்துக்கு அக்காவை வரச் சொல்லிவிட்டாள் பூவிழி. "மாமாவையும் கூட்டிக்கினு வா. அவருதான் முன்னால நடக்கணும்" என்றாளாம். செங்கத்தில் இ-சேவை மையத்துக்குப் பாஸ்போர்ட் எழுதப் போனோம். எங்களுக்குப் பின்னால் வரிசையில் கோவிந்தன், என்னவோ பட்டா வேலையாக வந்திருந்தான்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த அபிநயா என்ற பெண் கேட்டாள்: "இதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டு எடுத்திருக்கீங்களா? வெளிநாடு ஏதாவது?"

கோவிந்தன் கழுத்தை நீட்டினான்.

"இல்லம்மா" என்றேன். "எடுத்ததும் இல்ல, போனதும் இல்ல." சத்தமாகவே சொன்னேன்.

அவள் பாட்டுக்குத் தட்டினாள். கோவிந்தன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரும்பவில்லை.

"உடம்புல அடையாளம்?"

"வலது முழங்கையில தழும்பு."

எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், கரடி என்று.