பசு விழுங்கிய கிழங்கு

தை 5, சனி.

அறுப்புக் கூலியை உயர்த்தக் கேட்டு எங்கள் வயல் ஆட்கள் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு வாரம். ஒரு ரூபாய்கூட ஏற்ற முடியாது என்கிறான் தம்பி. இன்று எங்கள் பசு சர்க்கரைவள்ளிக் கிழங்கை முழுதாக விழுங்கி, தொண்டை அடைத்து, வயிறு உப்பி நின்றது. எண்ணெய் ஊற்றப் போன தம்பியை, நுரையீரலுக்குள் போய்விடும் என்று தடுத்தேன். என் விலங்கியல் பட்டம் அத்தோடு முடிந்தது. மாட்டு வைத்தியம் தெரிந்த சங்கத் தலைவர் மாரியப்பனை அழைத்தேன். வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

“ஸ்டிரைக் முடியறவரைக்கும் உங்க வீட்ல கைவைக்க மாட்டேங்க. நான் சொல்றேன், நீங்க செய்யுங்க.”

தம்பி நாக்கை இழுத்துப் பிடித்தான். நான் ஒரு கையால் கழுத்தில் புடைத்திருந்த கிழங்கை மேலே தள்ளி, மறு கையை வாய்க்குள் விட்டேன்.

“மசமசன்னு நிக்காதீங்கம்மா. இன்னும் உள்ள.”

கிழங்கு வந்தது. பசு பெரிய ஏப்பம் விட்டது.

“பழகிட்டீங்க. நாளைக்கு அறுப்புக்கு இறங்குங்க, வரப்புல நின்னு சொல்றேன்,” என்றார்.

தோள் விண்ணென்று வலிக்கிறது. அவர்கள் கேட்கும் கூலி நியாயம்தான் போலிருக்கிறது. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.