சலவை அறைக்குள் வைத்த மெஷின்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா. இங்கே மூன்று பேரும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே போகத்தான் ஆசை, இந்தத் தடவை அதை எழுதக் கை கூசுகிறது. உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது, அம்மாவுக்கு ஆலையில் வேலை ஜாஸ்தி என்று அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். வேலை எல்லாம் ஒன்றுமில்லை, வெட்கம்தான். போனில் சொல்லலாம் என்றால் தாத்தாவின் கட்டில் இப்போது ஹாலில் இருக்கிறது, இந்த வீட்டில் ஹாலுக்குக் கேட்காமல் தும்மக்கூட முடியாது, உனக்கே தெரியும்.

தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அவர் மூச்சுக்கு வைத்திருந்த ஆக்ஸிஜன் மெஷின் கெட்டுப்போச்சு என்று அப்பா உன்னிடம் சொன்னார் அல்லவா. அது தானாகக் கெடவில்லை. சின்ன வயதில் உன்னை எங்கள் ஆக்ஸிஜன் ஆலைக்குக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா, இரண்டு மாடி உயரத்துக்கு இரட்டைக் கோபுரம் நின்றதே, உள்ளே என்ன இருக்கிறது என்று நீ நச்சரித்து நான் மிளகு அளவு வெள்ளை உருண்டைகளை உன் கையில் கொட்டினேன். ஜியோலைட். பார்த்தால் கல், உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பொந்துகள். காற்றை அழுத்தி உள்ளே விட்டால் நைட்ரஜன் அந்தப் பொந்துகளில் தங்கிவிடும், ஆக்ஸிஜன் நழுவி மேலே வந்துவிடும், ஒரு கோபுரம் நிரம்பியதும் காற்றை அடுத்ததற்குத் திருப்பிவிட்டு இதில் அழுத்தத்தை இறக்கினால் நைட்ரஜன் பிடியை விட்டுவிட்டு புஸ்ஸென்று வெளியே போகும். தாத்தாவுடைய மெஷினுக்குள்ளும் அதே கதைதான், கோபுரம் மட்டும் தண்ணீர் பாட்டில் அளவு. இந்தக் கல்லுக்கு ஆகாதது ஈரம் ஒன்றுதான். தண்ணீர் பொந்துக்குள் குடியேறிவிட்டால் நைட்ரஜனுக்கு இடம் விடாது, நன்றாகச் சுட்டால் ஒழிய வெளியேயும் வராது. அதனால்தான் ஆலையில் காற்றை உலர்த்திய பிறகே கோபுரத்துக்கு விடுகிறோம், உருண்டைகள் இருக்கிற டிரம்மின் மூடியை யாராவது திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் நான் ஆடித் தீர்த்துவிடுவேன். எனக்கு அங்கே மூடி மேடம் என்று பெயர். காதில் விழாத மாதிரி நடப்பேன், உள்ளுக்குள் பெருமைதான்.

அந்த மூடி மேடம்தான் தாத்தாவின் மெஷினைக் கொண்டுபோய்ச் சலவை அறைக்குள் வைத்தாள். விடாமல் அதன் உறுமல், நடுநடுவே அந்த புஸ், எனக்குத் தலைவலி, வீட்டில் ஒரு மணி நேரம் நிம்மதி கிடையாதா என்று அப்பாவிடம் சண்டை போட்டு, நீளமான டியூப் வாங்கிக் கதவுக்கு அடியில் விட்டேன். துணி துவைத்து அங்கேயே கொடியில் உலர்த்துகிற அறை, ஜன்னல் கூட இல்லை, சுவரைத் தொட்டால் கையெல்லாம் ஈரம். மெஷினைத் திருப்பி வைத்ததில் எச்சரிக்கை விளக்கு இருக்கிற பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உறைக்கவே இல்லை சிட்டு, வேலைக்குப் போகும்போது கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டையோடு சேர்த்துப் படிப்பையும் வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன் போலிருக்கிறது.

கொஞ்ச நாளில் தாத்தா சொன்னார், "காத்து வருதும்மா, ஆனா பத்த மாட்டேங்குது." நான் டியூபைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், ஜிலுஜிலுவென்று வந்தது. "நல்லாத்தானே வருது மாமா, எல்லாம் மனசுதான்" என்றேன். அதுவும் சொன்ன விதம் இருக்கிறதே, அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அதற்கப்புறம் தாத்தா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாவு மில் இரைச்சலில் ஆயுசு பூராவும் கத்திக் கத்திப் பேசிய மனுஷன், அமைதியாகிவிட்டார், நானும் சரி பழகிவிட்டது என்று நினைத்தேன். நீ கூட போனில் கேட்டாய், தாத்தா ஏன் பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறார் என்று. வயசு என்றேன். ஒரு காலையில் அப்பா காபியோடு போய் எழுப்பினால் உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஆலையிலிருந்து ஆக்ஸிஜன் மீட்டரைக் கேட்டு வாங்கிவந்து அந்த டியூபில் வைத்தேன். நாம் சும்மா மூச்சு விடுகிற காற்றுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் உள்ளங்கையில் ஜிலுஜிலுவென்று வந்தது வெறும் காற்று. உருண்டைகள் அத்தனையும் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கின்றன. அங்கே ஒரு நர்ஸ் என் போனில் உன் படத்தைப் பார்த்துவிட்டு தங்கச்சியா என்று கேட்டாள், வேறு சமயமாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

வேறு மெஷின் வந்துவிட்டது, ஹாலில் நல்ல காற்றோட்டத்தில் கட்டிலை ஒட்டி வைத்திருக்கிறது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீயா இப்படி என்று மட்டும் கேட்டார். தாத்தாவிடமும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சத்தம் தனக்கே எரிச்சலாக இருந்ததாம், நான் தூக்கி வைத்ததே நல்லது என்று நினைத்தாராம். மில்லில் மோட்டார் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியவர் சொல்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் இதை உனக்கு எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. போன வாரம் வேலை முடிந்து கதவைத் திறக்கிறேன், என் சாவிச் சத்தம் கேட்டதும் உள்ளே உறுமல் நின்றது. தாத்தா ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு நெஞ்சு ஏறி இறங்க உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "இப்பத் தேவையில்லம்மா. நீ களைச்சு வந்திருப்ப." நான் இல்லாதபோது அது பாட்டுக்கு ஓடுகிறது, நான் வந்தால் நிறுத்திவிடுகிறார். இந்த வயதில் ஒரு மனுஷன் என் தலைவலிக்குப் பயந்து மூச்சைச் சேமிக்கிறார், நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது. ஸ்விட்சைத் திரும்பப் போட்டுவிட்டேன், நிறுத்தாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன், சரி சரி என்கிறார், மறுநாளும் அதே கதை. இப்போது என் பாயையும் தலையணையையும் ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டேன், அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை மாமா என்கிறேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் நான் படுத்திருக்கும்போது நிறுத்துவதில்லை. சாயங்காலம்தான் இன்னும் பயமாக இருக்கிறது, நான் சமையலறையில் மிக்ஸியும் குக்கருமாக நிற்கிற நேரம் அவர் நிறுத்தினால் எனக்குத் தெரிவதில்லை.

நீ ஈரத்தலையோடு வெளியே போகாதே, அறை ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வை. என் மேல் கோபம் வந்தால் மறைக்காமல் எழுது, தாத்தா மாதிரி நீயும் எனக்காக அடக்கிக்கொள்ளாதே. நன்றாகப் படித்து நிறைவாக இரு, எல்லா நலமும் உன்னோடு இருக்கட்டும், தாத்தாவும் அப்பாவும் உனக்கு ஆசி சொன்னார்கள். ஒன்று மட்டும் மறக்காதே. இனி சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்த பிறகு போன் செய். மூச்சு எப்படி இருக்கிறது என்று தாத்தாவைக் கேட்காதே, நல்லா இருக்கு என்றுதான் சொல்வார். ஏதாவது பேச்சுக் கொடுத்துவிட்டு அவர் குரலுக்குப் பின்னால் அந்த புஸ் கேட்கிறதா என்று கவனி. கேட்கவில்லை என்றால் உடனே வைத்துவிட்டு என்னைக் கூப்பிடு, நான் அடுத்த அறையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா