முக்காலுக்குப் பெயர் உண்டு

செவ்வாய், இரவு

நாளைக்குப் பின்னக் கணக்கில் தேர்வு. நான்காவது படிக்கும் அக்கா மகள் யாழினி, "வயிறு வலிக்குது சித்தி, ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்" என்று மாலையிலேயே சுருண்டு படுத்துவிட்டாள்.

எழுப்பி உட்கார வைத்தேன். காலும் காலும் காலும் கூட்டச் சொன்னால், கீழே இருக்கும் நான்குகளையும் சேர்த்துக் கூட்டி, பன்னிரண்டில் மூன்று என்று எழுதினாள். எத்தனை முறை சொல்லியும் அதையேதான். கத்திவிட்டேன். அழுதாள்.

பீங்கான் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்த அக்கா, "வாத்தியாரம்மா, கொஞ்சம் மூச்சு வுடுங்க" என்று என்னைக் குத்திவிட்டு, அவளிடம் தூக்கை நீட்டினாள். "போயி முக்கா லிட்டர் பாலு வாங்கியா."

வாசல் வரை போனவள் திரும்பினாள். "சித்தி, மூணு காலுதான் முக்காலா?"

தூக்கை வைத்துவிட்டு ஓடிவந்து பன்னிரண்டை அழித்தாள். அதன்பின் வயிற்று வலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

சாப்பிடும்போது கேட்டாள். "அப்ப மூணுல ஒண்ணுக்கு என்னா பேரு?"

எவ்வளவோ படித்திருக்கிறேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அதுக்குத் தனியா பேரு இல்ல கண்ணு."

"நாளைக்கு அது வந்தா?"

காலையில் தோசையைப் பிய்த்துக் காட்டுகிறேன் என்றேன். இன்று அதற்கு மேல் முடியவில்லை.

பக்கத்தில் தூங்குகிறாள். கை வயிற்றின் மேல் இருக்கிறது.