அண்ணி எழுதிய பத்தேகால்

அண்ணி,

நீங்கள் லைனிங் துணி வாங்கச் சத்திரம் கடைவீதிக்குப் போன நேரத்தில், நேற்று திறக்காத நம் கடையின் தையல் புரோகிராம் கம்ப்யூட்டரில் திறந்துவிட்டது. ஐந்நூறு பேரின் அளவும் பத்திரம். தப்பு என்னுடையதுதான். ஆயுத பூஜைக்குக் கத்திரியோடு ஹார்டு டிஸ்கையும் கழற்றி, பொட்டு வைத்துச் சாமி முன் வைத்தேன். திரும்ப மாட்டும்போது மனம் மடியிலிருந்த ருஷ்ய நாவலின் பனியில் இருந்தது. என் பென் டிரைவை முதலில் செருகிவிட்டேன். கம்ப்யூட்டர் டிஸ்குக்குக் கொடுத்திருந்த ‘ஈ’ எழுத்து அதற்குப் போய், டிஸ்க் ‘எஃப்’ ஆகிவிட்டது. புரோகிராம் பழைய ‘ஈ’யிலேயே தேடி, டேட்டாபேஸ் இல்லை என்றிருக்கிறது. டிஸ்கின் எழுத்தை மறுபடி ‘ஈ’ ஆக்கிவிட்டேன். டிஸ்கைக் கழற்றாதீர்கள்.

நேற்று நீங்கள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "விடு யாழினி" என்று மட்டும் சொல்லிவிட்டு, ருக்ஸாரின் கல்யாண பிளவுஸுக்குப் பதினோரு அளவையும் ஞாபகத்திலிருந்தே எழுதினீர்கள். நான் நம்பவில்லை. இன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். பத்து அப்படியே இருக்கிறது. கை நீளம் மட்டும் உங்கள் சீட்டில் பத்தேகால், கம்ப்யூட்டரில் ஒன்பதேகால்.

ருக்ஸாருக்குப் போன் போட்டு அளக்கச் சொன்னேன்.

"பத்தேகாலுங்க. ஒன்பதேகாலுன்னு எந்த மகராசி எழுதுனது?"

நான்தான் என்று சொல்லவில்லை.

இப்படிப்பட்ட ஞாபகசாலிகள் நாவலில்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். உங்கள் சீட்டை வைத்தே பட்டுத் துணியை வெட்டுங்கள்.

சுண்டல் ஃபிரிட்ஜில். லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்.

யாழினி

அண்ணி, அந்த ஐந்நூறு பேரின் அளவையும் டைப் செய்தது நான்; இன்னும் எத்தனை தப்போ. சாயங்காலம் நீங்கள் ஒவ்வொன்றாகச் சொன்னால் திருத்திவிடுவேன். என்னோடு பேசுவீர்கள்தானே?