தரைத்தளத்துக்காக ஒரு நொண்டல்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட வேட்டி பக்கத்து பிளாக்குக்குப் போய்விட்டது. மீட்டு வந்தேன்.

இந்த நோட்டில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: இன்று சுகாதார நிலையத்தில் நொண்டினேன். காலில் ஒன்றும் இல்லை. வயது ஐம்பத்து நான்கு.

காரணம், எங்கள் காலனியை இடித்துக் கட்டப்போகிறார்கள். புது வீடு குலுக்கலில். யாருக்கு எந்த மாடி என்று ரங்கநாதருக்கே தெரியாது. கால் முடியாதவர்களுக்கு மட்டும் குலுக்கல் இல்லாமல் தரைத்தளம், பிளாக்குக்கு இரண்டு வீடு, டாக்டர் சீட்டு இணைக்கவும். இப்படி ஒரு படிவம் அடித்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போனார் மனோகரன், எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். எங்கள் பிளாக்கில் ஒன்று இஸ்மாயில் பாய்க்கு. பக்கவாதம் வந்தவர், நியாயம். இன்னொன்று?

நான் பிறந்ததிலிருந்து தரைத்தளம். வாசலில் நாற்காலி போட்டால் போதும், காலனிச் செய்தி முழுவதும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான்காவது மாடிக்குப் போனால் எல்லாம் ஆறிப்போய்த்தான் வரும்.

சுகாதார நிலையத்தில் முக்கால் மணி நேரம் பெஞ்சில். சுவரில் தலை சாய்த்து, கண்ணை மூடி, வலி தாங்காதவன் போல. நிஜமாகவே தூங்கிவிட்டேன். அதே பினாயில் வாசனை. சின்ன வயதில் மிக்சர் மருந்து வாங்க பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டித் தருவார். ஒரு பல், ஒரு வேளை. இருமலை விட அந்தப் பல்லை எண்ணுவதுதான் ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் சின்னப் பெண். "எந்தக் கால் சார்?" வலது என்றேன். எழுதித் தந்தது: 'படி ஏறினால் வலது முட்டியில் வலி என்கிறார். எடை குறைக்கவும்.' அந்த 'என்கிறார்' பிடிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

கீரை. கேஸ் புக் பண்ண வேண்டும். மனோகரனிடம் சீட்டைக் கொடுத்தாயிற்று. இனி கூட்டம் முடியும் வரை நொண்ட வேண்டும். கூட்டம் ஞாயிறு.

வசந்தா (என் மனைவி, இந்த நாடகத்துக்கு எதிர்க்கட்சி): "ஏங்க, வீட்டுக்குள்ள எதுக்கு நொண்டுறீங்க?"

"பழக்கம் விட்டுப்போயிடக் கூடாதுல்ல."

"நல்ல காலும் போயிடும் பாருங்க."

வாசலில் உட்கார்ந்திருக்கையில் மேலேயிருந்து கூடை இறங்கியது. ஸ்டெல்லா டீச்சர், முதல் மாடி, எங்கள் தலைக்கு நேர் மேலே. பாலக்கரையில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றுப் பத்து வருடம். பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய பிரம்புக் கூடை. நான் டவுசர் போட்ட காலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. கயிறு மூன்று தடவை மாறியது, கூடை இரண்டு தடவை.

அதில் ஏறியவை: பால், பேப்பர், முருங்கைக்காய், என் அம்மா செய்த புளியோதரை, ஒரு முறை பூனைக்குட்டி (அதன் விருப்பத்துக்கு விரோதமாக). இறங்கியவை: கிறிஸ்துமஸ் கேக், நான் போட்ட கணக்கு சிவப்பு மையோடு, அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது தினமும் கஞ்சி. அம்மா போன அன்று கூடை வரவில்லை. டீச்சரே படி இறங்கி வந்தார்.

ஜூலை 11, வெள்ளி

காற்று குறையவில்லை. இன்று கூடையில் பழைய மிக்சர் பாட்டில், பல் காகிதத்தின் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டு. உள்ளே எண்ணெய். கூடவே துண்டுச் சீட்டு, அதே சிவப்பு மை: 'வலது முட்டிக்கு. தேய்த்து வெந்நீர் ஊற்று.'

அண்ணாந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு டீச்சர் இதெல்லாம்?"

"தேய்ச்சுக்க தம்பி. என் முட்டிக்கு நல்லாக் கேக்குது."

"உங்க டாக்டர் சீட்டைக் குடுத்துட்டீங்களா, மனோகரன்கிட்ட?"

"நான் எதுக்கு? ரெண்டு வீடு. பாய்க்கு ஒன்னு, உனக்கு ஒன்னு. நான் எங்க இறங்கப்போறேன், சர்ச்சுக்கு வாரம் ஒருக்கா. அதுக்கு லிப்ட்டு வைக்கிறாங்களாமே."

வாரம் ஒருக்கா இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பதினெட்டு படி. அடுத்த தெருவில் புதிதாகக் கட்டிய பிளாக்கின் லிப்ட் மாதத்தில் பாதி நாள் 'பழுது' என்ற அட்டையோடு நிற்பதும் தெரியும்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். வலிக்காத முட்டி எரிந்தது.

வசந்தாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "டீச்சர் கஞ்சியைக் குடிச்சிட்டுத்தான் உங்கம்மா மூனு மாசம் இருந்தாங்க" என்றாள். அதோடு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

பகுதிக் கூட்டம், சமுதாயக் கூடத்தில். மின்விசிறி மூன்றில் ஒன்று சுற்றியது, அதன் கீழே ஐம்பது பேர். கவுன்சிலரம்மா படித்த பட்டியல்:

சுகாதார நிலையத்தில் சாயங்காலமும் டாக்டர். (கைதட்டல்)
பூங்காவில் நடைபாதை. (பாதிக் கைதட்டல்)
படித்துறைக்குப் புதுக் கழிப்பறை. (நல்ல கைதட்டல், எல்லாம் அவசரத்தில் போய்ப் பார்த்தவர்கள்)
வீடுகள்: தை மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். (யாரும் தட்டவில்லை)

பொறியாளர் வேறு வார்டில் இருக்கிறாராம், தரைத்தளப் பட்டியலை நாளை அலுவலகத்தில் கொடுத்துவிடலாம் என்றார்கள். மனோகரன் மைக்கில் பட்டியல் வாசித்தார். என் பெயர் வந்ததும் எழுந்தேன். நொண்ட மறந்தேன். மறந்தேன் என்று எழுதுகிறேன், மறக்கவில்லை. நேராக நடந்து மேடைக்குப் போனேன்.

"என் பேரை எடுத்துடுங்க. ஸ்டெல்லா டீச்சர் பேரைப் போடுங்க."

"கால் என்ன ஆச்சு சார்?" என்றார் மனோகரன், மைக்கை அணைக்காமல்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "டீச்சர் குடுத்த எண்ணெய் நல்லாக் கேட்டுச்சு" என்றேன்.

கூட்டம் முடிந்ததும் ஏழு பேர் பாட்டிலோடு டீச்சர் வீட்டு வாசலில்.

சாயங்காலம் நானே மாடி ஏறினேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இரு. செவ்வாக்கிழமை இடது காலை இழுத்த, வியாழக்கிழமை வலது காலை இழுத்த. பால்கனியிலேர்ந்து எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சுமா எண்ணெய் குடுத்தீங்க?"

"நாலாங் கிளாஸ்ல காய்ச்சல்னு சொல்லி அக்குள்ள வெங்காயம் வச்சுட்டு வந்தவன் நீ. அன்னைக்கும் வீட்டுக்கு அனுப்பினேன்ல. இந்த வயசுல நொண்டுற அளவுக்கு ஆசையா இருக்கானேன்னு விட்டுட்டேன்." கூடையைக் கையில் எடுத்து, "நான் கீழ வந்துட்டா கூடையை எங்கேர்ந்து விடுறது?" என்றார்.

"நான் மேலேர்ந்து விடுறேன் டீச்சர்."

"உனக்கு முடிச்சுப் போடத் தெரியாது."

உண்மை. இருட்டும் வரை கற்றுக்கொடுத்தார். பால்கனியிலிருந்து கோபுரம் தெரிகிறது. கீழேயே இருந்தவனுக்கு இத்தனை வருடம் தெரியவில்லை. என் வழுக்கையும் இங்கிருந்து தெளிவாகத் தெரிந்திருக்கும்.

ஜூலை 14, திங்கள்

காற்று இல்லை. புழுக்கம். மனோகரனோடு பட்டியலைக் கொடுக்க வார்டு அலுவலகம்.

பொறியாளர் இரண்டு தடவை படித்தார். "தரைத்தளத்துல வீடே இல்லையே சார். வெறும் தூண்தான், வண்டி நிறுத்த. வீடெல்லாம் மொத மாடிலேர்ந்து. வரைபடம் பாக்கலையா?"

மனோகரன் என்னைப் பார்த்தார். படிவத்தைப் பழைய கட்டடத்தை நினைத்து அவரே அடித்ததாம்.

வரைபடம் எங்கே என்று கேட்டேன். மூன்று வாரமாகச் சுகாதார நிலையத்துச் சுவரில். போய்ப் பார்த்தேன். பெஞ்சுக்கு நேர் மேலே. கீழ்த்தளத்துத் தூண்களின் மேல் வட்டமாக ஒரு தேங்காயெண்ணெய்க் கறை, என் தலை அளவு.