பின்சந்தில் இரண்டு தப்படி

கான் ஹொய், சைகோன்
12 அக்டோபர் 1968

அன்பு மகள் மரிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், தூலூஸ் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன்.

உன் போன கடிதம் வந்தபோது கால்வாய் எதிர்க்கரை மர மில்லின் மேல் நான் எழுதிய புகார் மனு மேசையில் இருந்தது. ஆகஸ்டில் ராக்கெட் விழுந்த காலையில் சந்து முழுக்கப் படு படு என்று கத்தியது நம் பின்வீட்டு பா தூவுக்குக் கேட்கவில்லை, கைக்குழந்தையோடு அடுப்படியில் நின்றபடியே இருந்திருக்கிறாள், இரண்டு தெரு தள்ளி விழுந்ததால் பிழைத்தாள். ரம்பச் சத்தம்தான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரெஞ்சில் இரண்டு பக்கம் எழுதிப் பதினேழு பேரிடம் கையெழுத்து வாங்கினேன், பா தூவும் போட்டாள். அதைப் பற்றி முன்பே உனக்கு எழுதியிருந்தேனே, நீயோ, கோபத்தை எழுதாதே அம்மா, அளவை எழுது என்றிருந்தாய். சத்தம் அளக்கும் மீட்டர் இல்லாவிட்டால் ஒருவர் சாதாரணக் குரலில் பேப்பர் படிக்கட்டும், மற்றவர் பின்னால் நகரட்டும், எத்தனையாவது தப்படியில் பேச்சு புரியாமல் போகிறதோ அதைக் குறித்துக்கொள் என்றாய். நம் ஐஸ் கம்பெனி மெக்கானிக் வடிவேலிடம் கப்பலில் வந்த பழைய தமிழ்ப் பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவன் படிக்கப் படிக்க நான் பின்வாங்குவதைப் பார்த்து, மெக்கானிக் முதலாளியம்மாவை விரட்டுகிறான் என்று சந்தில் ஒரே சிரிப்பு. நம் வீட்டுக்குள் பதினான்கு தப்படி வரை கேட்டது, மில்லுக்கு எதிரே ஒன்பது, பா தூ வீட்டுச் சுவரோரம் இரண்டே தப்படி. ஆதாரம் கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். மதியச் சாப்பாட்டுக்கு மில்லை நிறுத்தியதும் வித்தியாசம் காட்டலாம் என்று திரும்பப் போய் அளந்தேன். அப்போதும் இரண்டுதான். வடிவேல் பேப்பரை மடித்துக்கொண்டு, நம்ம ஐஸ் எஞ்சின்தான் மதாம் என்றான். முன்னமே தெரியுமா என்றேன். நாலு வருஷமா தெரியும், நீங்க கேக்கலியே மதாம், அளக்கத்தானே சொன்னீங்க என்றான். எஞ்சினை நிறுத்தினான், பதினொன்று.

நாலு வருஷம் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. உன் பரீட்சை வருஷத்தில் படிக்க முடியவில்லை என்று நீ அழுதாயே, அப்பா எஞ்சின் புகைக்குழாயைத் திருப்பிப் பின்சுவர் வழியாக வெளியே விட்டார். வீடு அமைதியானது, சத்தம் ஒழிந்தது என்று நானும் இருந்துவிட்டேன். அது அவள் அடுப்படிக்குப் போயிருக்கிறது. இதில் உன் தப்பு ஒன்றுமில்லை, பெரியவர்கள் நாங்கள் ஒரு நாளாவது பின்சந்தில் போய் நின்றிருக்க வேண்டும். மனுவைக் கிழித்துவிட்டுப் பதினேழு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். தெரிந்தும் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று பா தூவைக் கேட்டால், டீச்சர் நீங்களே வந்து கேட்டால் மாட்டேன் என்பதா, மில்லும் சத்தம்தானே என்று சிரிக்கிறாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்பாவுக்கு முதலில் கோபம், ஊரே பீரங்கியில் ஆடுகிறது, என் எஞ்சின்தான் உன் காதில் விழுந்ததா என்றார். பீரங்கியை நிறுத்த என்னால் ஆகாது, இது நம் கையில் இருக்கிறது என்றேன். மறுநாள் காலையில் செங்கல் எத்தனை வேண்டும் என்று வடிவேலைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு நாள் ஐஸ் கிடையாது என்று மீன்காரர்கள் வாசலில் நின்று கத்தினார்கள், கத்தட்டும் என்று விட்டுவிட்டோம். நம் முன்முற்றத்தில் குழி தோண்டிச் செங்கல் கட்டி, கருங்கல் நிரப்பிப் புகையை அதற்குள் விட்டிருக்கிறோம். எஞ்சின் அடியில் பழைய லாரி டயரை வெட்டிப் போட்டாயிற்று, பின்சுவரோரம் மணல் மூட்டை. எஞ்சின் ஓடும்போதே அளந்தேன், இப்போது அவள் பக்கம் ஒன்பது. நம் வீட்டுக்குள் பதினான்கு எட்டாகிவிட்டது. விடுமுறைக்கு வந்தால் பழைய அமைதி இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை காலை துறைமுகப் பக்கம் பெரிய வெடிச்சத்தம். நாங்கள் குனிவதற்குள் பின்கதவை யாரோ இடிக்கிறார்கள். திறந்தால் பா தூ, இடுப்பில் குழந்தை, கையில் உலக்கை. எஞ்சின் சத்தம் உங்கள் பக்கம் வந்துவிட்டதே, உங்களுக்குக் கேட்காது என்று ஓடிவந்தேன் என்கிறாள். இப்படியா வெளியே வருவாய் என்று திட்டிக்கொண்டே உள்ளே இழுத்தேன். உன் படிப்பு மேசைக்கு அடியில் நாலு பேரும் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேறெதுவும் விழவில்லை.

ஆய்வுக்கூடத்தில் மெஷின் பக்கத்தில் நின்றால் காதில் பஞ்சு வைத்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைக் கண்போலக் காப்பார். மறக்காமல் உன் புரொபசரிடம் ஒன்று கேட்டு எழுது, நம் பக்கத்து எட்டைப் பத்தாக்க என்ன செய்யலாம்? எங்களுக்குக் காது கேட்கிறது என்று அவள் நம்ப வேண்டும் மரி, இன்னொரு தடவை அவள் குழந்தையோடு வெளியே ஓடி வரக்கூடாது.

உன் அம்மா
மாதலேன்